இடுப்பைக் கட்டுவது வேறு, அடி தாங்குவது வேறு

கிட்னி பெல்ட்டோடு என் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார்கள். நான் பெல்ட் விற்பவன் இல்லை; கள்ளக்குறிச்சியில் பைக் சீட் தைக்கிறவன். ரெக்சின், ஃபோம், எலாஸ்டிக், வெல்க்ரோ எல்லாம் அன்றாடம் கையில் புழங்குகிற சாமான். ஆன்லைனில் வாங்கியது லூசாக இருக்கிறது, பிடித்துத் தர முடியுமா? ஒட்டு நிற்கவில்லை, மாற்றித் தர முடியுமா? இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும். நானும் மலைப் பாதையில் வண்டி ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்.

“அண்ணே, இதைக் கட்டினா கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

“குலுக்கலுக்குக் கேக்குறியா தம்பி, கீழ விழுறதுக்குக் கேக்குறியா?” என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இந்த இரண்டுக்கும் இரண்டு வேறு சரக்கு வேண்டும். ஒன்று வயிற்றையும் முதுகையும் இறுக்கிப் பிடிக்கிற துணி பெல்ட். இன்னொன்று கல்லில் விழுந்தால் அந்த அடியை வாங்கிக்கொள்கிற காப்பு. கடையில் இரண்டும் ஒரே பெயரில், ஒரே கம்பியில் தொங்குகின்றன. விலைச்சீட்டைப் பார்த்து வாங்குகிறவன் முதலாவதை வாங்கிக்கொண்டு இரண்டாவது கிடைத்துவிட்டதாக நம்பி மலை ஏறுகிறான். ஆபத்து அந்த நம்பிக்கையில்தான்.

தார் முடிகிற இடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் சமதரை. அரவைக் காலத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். கோமுகி அணையைத் தாண்டினால் ஏற்றம். வளைவுகள் ஏறி வெள்ளிமலை போய்ச் சேரும் வரை தார்ச்சாலை. இதற்கு எந்தப் பெல்ட்டும் தேவையில்லை. கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு, கிளாக்காடு பக்கம் ஊருக்கு ஊர் பிரிந்து போகிற மண்பாதைகளில் இறங்கினால்தான் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணை அரித்துக்கொண்டு போய்க் கல்லை மட்டும் விட்டுவைத்திருக்கும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்வராயன் மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் அதற்குள் வண்டியை விடுவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி குற்றம். மலைக்கிராமத்து மக்கள் நடக்கிற ஊர்ப்பாதையே உடம்பை உலுக்கப் போதும். அதையும் அவர்கள் பாதை என்ற மரியாதையோடு ஓட்ட வேண்டும்.

அந்தப் பாதையில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டருக்கு ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். அப்படியானால் நொடிக்கு 5 குலுக்கல். மனித உடம்பு தாங்கும் அதிர்வைப் பற்றிய சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 2631-ஐப் பார்த்தால், உட்கார்ந்திருக்கிறவனுக்கு மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 தடவை வருவதுதான் ரொம்பவும் உறைக்கிற வரிசை. நம் முதுகெலும்பும் வயிற்றுக்குள் இருப்பவையும் அந்தத் தாளத்துக்குத் தாமும் சேர்ந்து ஆடுகின்றன. சீட்டு ஒரு பங்கு குலுங்கினால் உள்ளே அதைவிடக் கூடுதலாகக் குலுங்கும்.

அதே பாதையில் மலைக்காரர் ஒருவர் எக்ஸ்.எல்.-லில் மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-யின் வழிவந்த வண்டி அது. அதற்குப் பெரிய சஸ்பென்ஷனும் கிடையாது, அவர் இடுப்பில் பெல்ட்டும் கிடையாது. மணிக்கு 11 கிலோமீட்டரில் போகிறார். நொடிக்கு ஒன்றரைக் குலுக்கல். உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைப்பதைப் போன்ற மலிவான கிட்னி பெல்ட் உலகத்தில் இல்லை. ஆனால் ஆஃப்ரோடு ஓட்டப் போகிறவனிடம் மெதுவாகப் போ என்று மட்டும் சொல்லி அனுப்ப முடியாது. ஆகவே மேலே பேசுவோம்.

சிறுநீரகம் எங்கே, வலி எங்கே

சிறுநீரகங்கள் இடுப்பில் இருக்கின்றன என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை இன்னும் மேலே இருக்கின்றன. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு அடியில் பாதி ஒளிந்திருக்கின்றன. மேலே கல்லீரல் இருப்பதால் வலதுபக்கத்தது கொஞ்சம் கீழே. ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், சுமார் 150 கிராம் எடை. சுற்றிலும் கொழுப்பு மெத்தை, பின்னால் கெட்டியான தசை. வண்டி குலுங்குகிற குலுக்கலில் சிறுநீரகம் கழன்று விழுந்துவிடும் என்று கிளப்பிவிடுகிறார்களே, அந்தப் பயம் வேண்டாம்.

உண்மையில் வலிப்பது முதுகுத் தசைதான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நிமிர்ந்து நிற்க அது இழுத்துப் பிடிக்கிறது. மணிக்கணக்கில் அப்படி இழுத்தால் சோர்ந்துவிடும். சோர்ந்த பிறகு வருகிற குலுக்கல் நேராக எலும்பு வட்டுகளுக்குப் போகிறது. மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர் துண்டை முறுக்கி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வாரே, பெல்ட் செய்வதும் அதே வேலைதான். வயிற்றை வெளியே தள்ளவிடாமல் பிடித்தால் உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து முட்டுக்கொடுக்கும். கூன் போட்டு உட்கார்ந்தால் பெல்ட் குத்தும், அதனால் நிமிர்ந்து உட்காரவும் செய்வோம்.

விழுந்து அடிபடுவது முற்றிலும் வேறு விஷயம். இரண்டு சிறுநீரகத்துக்கும் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவு ரத்தம் போய்வருகிறது. விலாவுக்குக் கீழே பாறை முனையோ ஹேண்டில்பார் நுனியோ குத்தினால் உள்ளே ரத்தக் கசிவு வரலாம். முன்வயிறும் அப்படித்தான். பெங்களூரு ரேஸ் வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018-ல் ஸ்பெயினில் நடந்த பாஹா பந்தயத்தில் விழுந்தபோது கணையத்தில் காயம்பட்டது. அடுத்த ஆண்டே திரும்பி வந்து பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார். மோதலின் வேகம் உள்ளுறுப்பு வரை போய்ச் சேரும் என்பதற்காகச் சொல்கிறேன். மூன்று மில்லிமீட்டர் எலாஸ்டிக் துணி அதைத் தடுக்காது.

பெல்ட் எங்கிருந்து வந்தது

1960-களின் மோட்டோகிராஸ் வண்டிகளில் சக்கரம் மேலும் கீழும் போய்வருகிற தூரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். மீதிக் குலுக்கலை ஓட்டுகிறவன் உடம்புதான் வாங்கிக்கொள்ளும். அகலமான இடுப்புப் பெல்ட் அந்தக் காலத்து ரைடரின் உடுப்பில் ஒன்றாகிப்போனது. 1973-ல் யமஹா, பெல்ஜியப் பொறியாளர் ஒருவர் யோசித்த ஒற்றை ஷாக் அமைப்பைக் கொண்டுவந்து, ஸ்வீடன்காரர் ஹாக்கன் ஆண்டர்சனை வைத்து 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. அதிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் சக்கரத்தின் ஓட்டத்தை நீட்ட ஆரம்பித்தன. இன்றைய மோட்டோகிராஸ் வண்டியில் அது 30 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கிறது. நம்மூர்ப் பையன்கள் மலைக்குக் கொண்டுபோகிற ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ல் முன்பக்கம் 19 சென்டிமீட்டர், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ல் 20.

ஆகவே அன்றைய பெல்ட் செய்த வேலையில் பெரும்பங்கை இன்றைக்கு ஷாக் அப்சார்பர் செய்துவிடுகிறது. அது சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணெய் கசிகிற ஃபோர்க்கை வைத்துக்கொண்டு பெல்ட்டுக்குப் பணம் போடுவது வீண்.

சீட்டைப் பற்றியும் என் தொழிலிலிருந்து ஒரு வார்த்தை. மெத்து மெத்தென்று ஃபோம் போடச் சொல்லித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மெத்தென்ற ஃபோம் முதல் குழியிலேயே முழுக்க அமுங்கி, அடியில் இருக்கிற தட்டு நேராக இடுப்பெலும்பில் இடிக்கும். ஆஃப்ரோடு வண்டிக்கு அடர்த்தியான, கையால் அழுத்தினால் மெதுவாக இறங்குகிற ஃபோம்தான் நல்லது. கல் பாதை வந்ததும் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று முழங்காலை லேசாக மடக்கி ஓட்டப் பழகினால், பாதிக் குலுக்கலை உங்கள் கால்களே வாங்கிக்கொள்ளும்.

மேசையில் பிரித்துப் பார்த்தது

வெள்ளிமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒட்டுப் போன பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, “பிரிச்சுப் பாத்துக்குங்கண்ணே, எனக்கு வேணாம்” என்று விட்டுவிட்டுப் போனான். பிளேடு வைத்து ஓரத் தையலை எடுத்தேன். வெளியே வலைத்துணி, உள்ளே காற்றுத் துளை போட்ட ஒரு ஃபோம் தகடு, பின்பக்கம் ஒல்லியான பிளாஸ்டிக் பட்டை நான்கு. இரண்டு பக்கமும் எலாஸ்டிக். உட்புறம் வழுக்காமலிருக்க ரப்பர் கோடுகள்.

ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது. டி.வி. பெட்டிக்குள் வருகிற பேக்கிங் ஃபோமின் ஜாதி. நல்ல ஃபோம் என்றால் விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பி வரும். எலாஸ்டிக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழுத்தால் ரப்பர் இழை அறுந்த இடங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் நான்கு மூலையிலும் ஒற்றைத் தையல். இழுபடுகிற இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை ஓட்டி அடித்திருக்க வேண்டும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஒரு மழைக்காலம்கூடத் தாங்காத சரக்கு.

கடையில் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள்தான். ஆனால் அழுத்திப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம், மூலைத் தையலை நகத்தால் நெம்பிப் பார்க்கலாம். கையால் பார்க்க முடியாத ஒரு பெல்ட்டை வாங்க நேர்ந்தால், திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

எண்ணைத் தேடுங்கள்

அடி தாங்குகிற சரக்குக்கு விரல் சோதனை போதாது. உள்ளே தைத்திருக்கிற சீட்டைப் படிக்க வேண்டும். இருசக்கர வாகன முதுகுக் காப்புக்கு ஐரோப்பியத் தரநிலை ஒன்று இருக்கிறது: இ.என். 1621-2. சோதனைக்கூடத்தில் 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு காப்பின் மேல் இறக்குவார்கள். அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். மறுபக்கம் எவ்வளவு விசை வந்து சேருகிறது என்று அளப்பார்கள். சராசரி 18 கிலோ நியூட்டனைத் தாண்டாவிட்டால் லெவல் 1. 9 கிலோ நியூட்டனுக்குள் நின்றால் லெவல் 2. 9 கிலோ நியூட்டன் என்பது அந்தக் கண நேரத்துக்கு 900 கிலோவுக்கு மேல் அழுத்துகிற கணக்கு. லெவல் 2 காப்பு போட்டிருந்தாலும் இவ்வளவு உள்ளே வரலாம் என்றால், ஒன்றுமே இல்லாமல் விழுந்தால் எவ்வளவு வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சீட்டில் பைக் ஓட்டுகிற ஆள் படமும், பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். எஃப்.பி. என்றால் முழு முதுகு. சி.பி. நடு முதுகு மட்டும். எல்.பி. என்பது நமக்கு வேண்டிய கீழ் முதுகு. கிட்னி பெல்ட்டில் எல்.பி. எழுத்தும் 1 அல்லது 2 என்ற எண்ணும் இருந்தால் அது காப்பு. டி பிளஸ் குறி இருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்தது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுகிற நமக்கு அது முக்கியம். சில வகை மெத்தைக் காப்புகள் சூட்டில் இளகிப்போகும்.

சில இடத்தில் 1621-1 என்று போட்ட சீட்டைக் காட்டுவார்கள். அது முழங்கை, முழங்கால், தோள்பட்டை போன்ற இடங்களுக்கானது, முதுகுக்கு இல்லை. வெறுமனே சி.இ. என்ற இரண்டு எழுத்து மட்டும் அச்சடித்து, எந்தத் தரநிலை, எந்த லெவல் என்ற எண் இல்லாவிட்டால் அதை அலங்காரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு இல்லாத பெல்ட்டைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. குலுக்கலுக்கு அது போதும். முதுகுக்கு எஃப்.பி. காப்பு தனியாகப் போட்டிருக்கிறவர், வால் எலும்பு வரை அது இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அடியில் மெல்லிய துணி பெல்ட் மட்டும் கட்டிக்கொள்ளலாம். முதலில் பெல்ட், அதன்மேல் காப்பு. இரண்டு கெட்டித் தட்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், குனியும்போது விளிம்பு முதுகில் குத்தும்.

எல்.பி. சீட்டு உள்ள பெல்ட்டைப் பிடித்துத் தரச் சொன்னால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். தையலைப் பிரித்துத் தட்டை நகர்த்தினால், சோதித்த சரக்கு அது இல்லை. அளவு சரியில்லை என்றால் மாற்றித்தான் வாங்க வேண்டும்.

மெடிக்கல் பெல்ட், ஜிம் பெல்ட்

மருந்துக்கடையில் கிடைக்கிற எல்.எஸ். பெல்ட் மலிவு என்பதால் பலர் அதையே கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அது முதுகுவலிக்காரர் நடக்கவும் உட்காரவும் செய்த சாமான். பெரும்பாலானவற்றில் பின்பக்கம் உலோகப் பட்டை இருக்கும். விழும்போது அது வளைந்தால் அந்த முனை உங்கள் முதுகைத்தான் குத்தும். ஜிம்மில் எடை தூக்குகிறவர்களின் தோல் பெல்ட்டும் வேண்டாம். நின்றபடி மூச்சைப் பிடித்து ஒரு தடவை தூக்குவதற்கு அது சரி. வண்டியில் குனிந்து நிமிர்ந்து திரும்புகிறவனுக்கு அதன் விளிம்பு விலாவில் அறுக்கும்.

அளவு எடுக்கும் முறை

பேண்ட் சைஸைச் சொல்லி பெல்ட் வாங்காதீர்கள். பேண்ட் நிற்கிற இடம் வேறு, இந்தப் பெல்ட் நிற்கிற இடம் வேறு. கடைசி விலாவுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, தொப்புளை ஒட்டி டேப் வைத்து அளக்க வேண்டும். தொப்பையை உள்ளே இழுக்காமல் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு அளவெடுங்கள். 34 பேண்ட் போடுகிறவருக்கு இங்கே 37 வருவதெல்லாம் சகஜம். கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை மாறும். ஒன்றில் எல் என்பது இன்னொன்றில் எம்.

கட்டிப் பார்க்கும்போது நின்று பார்த்தால் போதாது. வண்டியில் உட்கார வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்தபடி மார்பை முன்னால் கொண்டுபோக வேண்டும். உட்கார்ந்தால் முன்பக்க விளிம்பு தொடை மடிப்பில் இடிக்கிறதா? குனிந்தால் மேல் விளிம்பு விலாவில் அழுத்துகிறதா? குட்டை உடம்புக்காரர்களுக்கு இந்தத் தொந்தரவு நிச்சயம் வரும். பின்னால் அகலமாகவும் முன்னால் ஒடுங்கியும் வருகிற வெட்டு அவர்களுக்கு ஏற்றது. பெண்களுக்கு நேர்வெட்டு பெல்ட் இடுப்பிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வரும். வளைவாக வெட்டித் தைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

இறுக்கத்துக்கு என் அளவுகோல் இதுதான்: கட்டியபின் வயிறு நிறைய ஒரு மூச்சு இழுக்க முடிய வேண்டும், இரண்டு விரல் சிரமப்பட்டு உள்ளே போக வேண்டும். ஒட்டு மேல் ஒட்டு நான்கு விரல் அகலமாவது படிய வேண்டும். விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பெரிய சைஸ் வேண்டும். கையுறை போட்ட ஒரு கையால் பெல்ட்டை அவிழ்க்க முடிகிறதா என்றும் பாருங்கள். விழுந்தபின் மூச்சுத் திணறினால் அதுதான் உதவும்.

வெயிலும் ஒட்டுப்புல்லும்

வெளிநாட்டுப் பெல்ட்டுகளில் பல, நியோபிரீன் என்கிற ரப்பர் துணியில் வருகின்றன. குளிர் நாட்டுக்கு அது கதகதப்பு. பங்குனி வெயிலில் கச்சிராயபாளையத்தைத் தாண்டுவதற்குள் உள்ளே வியர்வைக் குளம் கட்டிவிடும். மறுநாள் இடுப்பைச் சுற்றி வேர்க்குரு. நமக்குக் காற்றுப் புகுகிற வலைத்துணிதான் சரி. வெறும் உடம்பில் கட்டாமல், சீக்கிரம் காய்கிற மெல்லிய பனியனுக்கு மேல் கட்டுங்கள். பனியன் சுருங்காமல் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். சுருக்கம் பட்ட இடம் தோலை உரித்துவிடும். வண்டியை நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள்.

மலையில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் வெல்க்ரோவுக்கு எதிரி. கொக்கிகளுக்குள் விதை ஏறிவிட்டால் ஒட்டு பிடிக்காது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வாரிவிட்டாலே பாதிப் பெல்ட்டுகள் பிழைத்துக்கொள்ளும். என்னிடம் கொண்டுவர வேண்டியதே இல்லை. ஒட்டை மூடிவிட்டு, பச்சைத் தண்ணீரில் லேசான சோப்பு போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும்.

சிறுநீரகத்துக்கு உண்மையில் வேண்டியது

என் தங்கச்சி மகள் பிசியோதெரபி படித்தவள். இந்தப் பெல்ட் பேச்சு வந்தாலே, “மாமா, மொதல்ல ஒரு பாட்டில் தண்ணிய கையில குடுத்து அனுப்புங்க. பெல்ட்டெல்லாம் அப்புறம்” என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெயிலில் மணிக்கணக்காக வண்டியோடு மல்லுக்கட்டினால் உடம்பு நீர் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறையும். அந்த நேரத்தில் முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தை நேராகத் தாக்கக்கூடியவை. பெல்ட் கட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், வலி மாத்திரை போட்டு வண்டி ஓட்டுகிறவன் காப்பாற்ற நினைத்ததையே கெடுத்துக்கொள்கிறான்.

தாகம் எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நீண்ட நேரம் ஓட்டினால் ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்புப் போட்ட மோர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கெட்டி மஞ்சள் என்றால் நிழலில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்கு வருகிறது என்று அர்த்தமாகலாம். விழுந்த பிறகு சிவப்பாகப் போனாலோ, விலாப் பக்கம் வலி கூடிக்கொண்டே போனாலோ உள்ளே அடிபட்டிருக்கலாம். அப்போது பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நல்ல செய்தி, சிறுநீரகக் காயங்களில் பெரும்பாலானவை அறுவை இல்லாமல் ஓய்விலும் கண்காணிப்பிலுமே ஆறிவிடும். நேரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அவள் இன்னொன்றும் சொல்வாள். இடுப்புப் பெல்ட் கட்டினால் முதுகுக் காயம் குறையுமா என்று அமெரிக்காவில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். அடிபடாத தொழிலாளர்களுக்குப் பெல்ட்டைப் பாதுகாப்புச் சாதனமாகக் கருதக் கூடாது என்று அந்நாட்டின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1994-லேயே சொன்னது. கடைகளில் சரக்கு தூக்குகிற 9,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் பார்த்தது பைக் ஓட்டுகிறவர்களை இல்லை, சரிதான். ஆனால் பெல்ட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கு அது ஒரு அளவு. வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் பலமாக இருந்தால் அதுவே நல்ல பெல்ட். தினம் கொஞ்ச நேரம் பிளாங்க் செய்வதற்குக் காசு கேட்பதில்லை. குடலிறக்கம், ரத்தக் கொதிப்பு, சமீபத்தில் வயிற்று ஆபரேஷன் என்று ஏதாவது இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வயிற்றை இறுக்கவே கூடாது.

எதை முதலில் வாங்குவது

உலகத்திலேயே கடினமான ராலி என்று பெயரெடுத்த டக்கரில் 2015-ல் சி.எஸ். சந்தோஷ் முதல் இந்தியராக வண்டி ஓட்டி முடித்தார். 2024-ல் கேரளத்துக்காரர் ஹரித் நோவா, ஓசூர் டி.வி.எஸ். கூட்டணியில் இருந்த ஷெர்கோ அணிக்காக ஓட்டி, ராலி 2 பிரிவை வென்று மொத்தத்தில் 11-வதாக வந்தார். அந்தப் பந்தயத்தில் பைக் ஓட்டுகிற ஒவ்வொருவரும் காற்றுப்பை உடுப்பு போட்டே ஆக வேண்டும் என்று 2021-லிருந்து விதி. கீழே விழப்போகும் கணத்தில் அது ஊதி நெஞ்சையும் முதுகையும் மூடிக்கொள்ளும். விழுகிற அடிக்கு என்ன தேவை என்று பந்தயம் நடத்துகிறவர்கள் யோசித்தபோது அவர்கள் இடுப்புப் பெல்ட்டைக் கட்டாயமாக்கவில்லை.

கல்வராயன் மலைக்குக் காற்றுப்பை வாங்கச் சொல்லவில்லை, விலை தாங்காது. கையிலிருக்கிற காசுக்கு என் வரிசை இது: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடுகிற பூட்ஸ், முழங்கால் காப்பு, இ.என். 1621-2 எண் உள்ள முதுகுக் காப்பு. இதற்குப் பிறகுதான் பெல்ட். முதுகுக் காப்பும் பெல்ட்டும் தனித்தனியாக வாங்க முடியாதவர் எல்.பி. சீட்டு உள்ள பெல்ட்டாக ஒன்றை வாங்கினால் ஓரளவு இரண்டு வேலையும் ஆகும். மேல்முதுகு திறந்துதான் கிடக்கும் என்பதை மறக்காமல் ஓட்ட வேண்டும்.

ஹெல்மெட்டும் பூட்ஸும் வாங்குவதற்குள் காசு தீர்ந்துவிட்டதென்றால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் மூன்றாவதை வாங்கிக்கொண்டு ஏறுங்கள். அதுவரை வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை இருக்கிறது.